லொட்ஜ் மாமாவின் கரகரப்பு

முதலில் கரகரத்தது ஒரு காலையில்தான். பல் துலக்கிவிட்டுத் தேத்தண்ணி கேட்டேன். என் தொண்டையிலிருந்து வேறு யாரோ கேட்டதுபோல இருந்தது. கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்று, காலி வீதிப் புகை, முந்தின நாள் ஒலிப்பதிவு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தேன். போகவில்லை.

சிரிக்க வைப்பது என் தொழில். கொட்டாஞ்சேனையில் கோயில் நாடகங்களில் தொடங்கி, வானொலி, விளம்பரம், கார்ட்டூன் என்று எத்தனையோ குரல்களில் கதைத்தவன். கிழவி, குழந்தை, பொலிஸ்காரர், ஆடு எல்லாம் வரும். குரல் கெட்டால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வோம் தெரியுமா? வைத்தியரிடம் போகமாட்டோம். அந்தக் குரலுக்கு ஏற்ற ஆளைத் தேடுவோம்.

எனக்கு லொட்ஜ் மாமா கிடைத்தார். குளியலறைக் கதவைத் தட்டி, "தண்ணி என்ன கடல்ல இருந்தா வருது?" என்று கரகரத்து ஏசும் விடுதிக்காரர். வானொலியில் அந்த நிகழ்ச்சி பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில் பிள்ளைகள் அவரைப்போலக் கதைத்தார்கள். மாதக்கணக்கில் நான் நோய்க்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் கரகரப்பு சில வாரங்களாகப் போகாமல் இருந்தால், தயவுசெய்து அதற்குப் பெயர் வைக்காதீர்கள். காட்டுங்கள்.

என்னை இழுத்துக்கொண்டு போனவள் மனைவி ரஜனி. யாழ்ப்பாணத்துக்காரி, பிடித்தால் விடமாட்டாள். தொண்டை வைத்தியர் மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை விட்டார்.

"'ஈ' எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன்.

"இது நடிப்பு. உங்கட சாதாரணக் குரல்ல சொல்லுங்கோ."

திரும்பவும் சொன்னேன். வைத்தியர் ரஜனியைப் பார்த்தார். "இதுதானா இவர்ட குரல்?"

"எனக்கும் தெரியாது டொக்டர். வீட்டிலயும் இப்பிடித்தான்."

பயாப்சி (சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்நாணில் (குரல் எழுப்பும் மெல்லிய மடிப்பில்) புற்றுநோய். ஆரம்ப நிலை, கதிர்வீச்சுச் சிகிச்சை (கட்டியைக் கதிரால் அழிப்பது) போதும், குணமாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, குரல் எப்படித் திரும்பும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார் வைத்தியர். எனக்குக் கடைசி வசனம்தான் கேட்டது.

வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். பிறகு மெல்ல இழுத்தார். "சிகிச்சை முடிஞ்சா அந்தக் கரகரப்பு போயிடுமேண்ணே. அதுக்கு முந்திக் கொஞ்சம் பதிஞ்சு வெச்சுக்குவமா?" அட, அது எனக்கு மிக நியாயமாகப் பட்டது! சிகிச்சையைத் தள்ளிப்போடும்படி வைத்தியரிடம் கேட்பதற்குச் சட்டையைப் போட்டேன்.

ரஜனி கதவை மறித்து நின்றாள். "உங்களுக்கென்ன விசரா? அது லொட்ஜ் மாமா இல்ல, வருத்தம், புற்றுநோய். வருத்தத்தைப் பதிஞ்சு வைக்கப் போறீங்களோ?"

கத்தப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. அதைக் கண்டு அவள் அழுதுவிட்டாள். நான் சட்டையைக் கழற்றினேன்.

கதிர் குறி தவறாமல் விழுவதற்காக, அளவெடுத்துச் செய்த வலை முகமூடியை முகத்தில் வைத்து மேசையோடு பூட்டுவார்கள். வலிக்காது. ஆனால் புருவத்தைக்கூட உயர்த்த முடியாது. சும்மா இருக்கத் தெரியாத மனிதன் நான். கால்விரல்களை ஆட்டினேன். "அங்கிள், ஹெல்லென்ன எபா," என்றது ஒலிபெருக்கி, சிங்களத்தில். ஆட வேண்டாமாம். விரல்களையும் விட்டுவைக்கவில்லை.

போகப் போகத் தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட முள்ளாக இறங்கியது. கழுத்துத் தோல் கறுத்தது. குரல் முழுதாகப் போய்விட்டது. கோபம் வந்தால் மேசையைத் தட்டுவேன். ரஜனி ஓடிவந்து என்னவென்று கேட்பாள். சொல்ல முடியாமல் இன்னும் கோபம் வரும். வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன். கடற்கரை ரயில் போகும்போது, அது போடும் சத்தத்தைக் கேட்டுப் பொறாமைப்பட்டேன், உண்மையாகத்தான்.

சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்றன. கட்டி தெரியவில்லை, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையுங்கோ என்றார் வைத்தியர். எனக்குப் பயம். வாயைத் திறந்து ஒன்றும் வராவிட்டால்? வீட்டில் சைகையிலேயே காலம் தள்ளினேன்.

ஒருநாள் பாமன்கடைப் பக்கம் மீன் வாங்கப் போனேன். பாரையா, விளைமீனா என்று ஒரே குழப்பம். கைத்தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டேன். கடைக்காரரிடம் சைகையில் கேட்டு அவருடையதை வாங்கி வீட்டுக்கு அழைத்த பிறகுதான் உறைத்தது, தொலைபேசியில் கையை ஆட்டிப் பயனில்லை.

"ஹலோ?" என்றாள் ரஜனி. "ஹலோ, ஆரது?"

"நான்தான்."

மெல்லிய குரல். கரகரப்பு இல்லை. நான் அதுவரை யாருக்கும் கொடுத்திராத குரல்.

"நான்தான் எண்டா? ஆர் கதைக்கிறது?"

கிழவியாகவோ ஆடாகவோ கதைத்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பாள். செய்யவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் மனைவிக்கு என் பெயரைச் சொன்னேன். "சேவியர்."

கடைக்காரர் தொலைபேசிக்குக் கையை நீட்டினார். எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

"ஓம்," என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "கதையுங்கோ. கேட்டுக்கொண்டிருக்கிறன்."