இடி நாளில் பிடுங்காத பிளக்

என் அப்பா ததேயூஸ் பூவார் கடற்கரையில் பிறந்தவர். கோபம் வந்தால் அவருக்கு வாய் வேலை செய்யாது, கை வேலை செய்யும். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் தன் வலையை அறுத்தவனைத் துடுப்பால் அடித்து முன்பற்களைத் தண்ணீரில் உதிர்த்திருக்கிறார். என்னைக் கயிற்றால் அடித்திருக்கிறார். அம்மா லூயிசாவை ஒரே ஒரு முறை அடித்தார். அம்மா மீன் வெட்டும் கத்தியோடு வாசலில் நின்றாள். அதன் பிறகு கை ஓங்கவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் எழுத வேண்டும் என்றால் என்னால் அப்பாவைப் பற்றி எழுத முடியாது.

அவர் பயந்தது இடிக்கு மட்டும். கடலில் அவர் தம்பி மேல் மின்னல் விழுந்தது. இருவரும் ஒரே வள்ளத்தில் இருந்தார்கள். கரிந்த உடலை மடியில் கிடத்தியே அப்பா கரை சேர்ந்தார். அன்று முதல் வானம் முழங்கினால் வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பிடுங்குவார்கள்தான். இடி மழைக் காலமான துலாம் மாதத்து, அதாவது ஐப்பசி, மதியங்களில் தெருவில் ஒரு டிவியும் ஓடாது. அப்பா பக்கத்து வீட்டுக்குள்ளும் ஏறிப் பிடுங்குவார்.

வலை இழுக்கும் விஞ்ச் கயிறு இரண்டு விரல்களைக் கொண்டுபோனதும் கடலை விட்டார். காயலில் சுற்றுலாப் படகு விடும் ஒரு கிளப்பில் காவலாளி ஆனார். முதலாளி விஜயதாஸ் பழைய சர்வர் ஒன்றை வாங்கி மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையில் வைத்திருந்தார். படகு ஏறும் துறையான ஜெட்டியிலுள்ள கேமராக்களின் படம் அதில்தான் பதியும். திருவனந்தபுரத்தில் சர்வர் பராமரிப்பது என் வேலை. இதையும் நானே பார்த்துக்கொண்டேன். அதன் விசிறிச் சத்தம் கிளப் முழுக்கக் கேட்கும். "ததேயூசுக்க ரெண்டாம் கெட்டியவ கத்துகா" என்று படகோட்டிகள் அதை அவருடைய இரண்டாம் பெண்டாட்டியாக்கிக் கேலி செய்வார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இன்னொரு சின்னக் கணினி உண்டு. பெரியதை அணைத்தாலும், பிளக் சுவரில் இருக்கும்வரை சின்னது விழித்திருக்கும். எப்படி அணைந்தது, யாராவது மூடியைத் திறந்தார்களா என்று எனக்குச் செய்தி அனுப்பும். அதன் வழியாக நான் நகரத்திலிருந்தே பெரியதை எழுப்பலாம். அதனால் இடி வந்தால் பட்டனை அமுக்கி அணைத்தால் போதும், பிளக்கைத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் எத்தனையோ முறை சொன்னேன்.

"எனக்க தம்பி கரிஞ்சத நீ கண்டியா மக்கா?" என்பார். பிளக்கைப் பிடுங்கியே தீர்வார்.

போன துலாமில் ஒரு மதியம் தூரத்தில் முழங்கியது. அப்பா பிளக்கைப் பிடுங்க எழுந்தபோது ஜெட்டியில் சண்டை தொடங்கியது. சுற்றுலாக்காரர்கள் வந்த ஒரு காரை எந்தக் கிளப் பிடிப்பது என்று. இன்னொரு கிளப்புக்கு ஆள் பிடிக்கும் ஜெனிலும் அவன் கூட்டமும் எங்கள் படகோட்டி ரெனிலை இரும்புக் குழாயால் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். தாடை உடைந்தது, ஒரு கண் போயிற்று. அப்பா துடுப்போடு ஓடி ஜெனிலின் கையில் ஓங்கிப் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் சமையலறைவரை கேட்டது என்று செல்லபாய் சொன்னாள். கிளப்பில் சோறு வைப்பவள் அவள்.

ஜெனிலைத் தாங்கிக்கொண்டு அந்தக் கூட்டம் ஓடியது. மற்ற படகோட்டிகள் ரெனிலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அப்பா மாடிப்படி அறைக்குள் போனார்.

என் மேசையில் செய்தி வந்தது. சர்வர் அணைக்கப்பட்டது, கையால், பட்டனில். பிளக்கில் மின்சாரம் இருக்கிறது. என் ஜன்னலுக்கு வெளியேயும் இடிதான். இடியில் அப்பா பிளக்கை விட்டுவைத்ததே இல்லை. அவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செல்லபாயைக் கூப்பிட்டேன். அவள் ரகசியக் குரலில் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் படத்தை அழிக்கத் திரும்பி வந்திருக்கிறார்கள், அப்பா அறை வாசலில் நிற்கிறார் என்றாள். போனை அணைக்காமல் கதவிடுக்கில் நின்றாள்.

"எலே கிழவா, படம் எங்க?" அது ஜெனில்.

"இடி இடிக்கது உனக்க காதில கேக்கல்லியா? மொத இடிக்கே எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டாச்சு. ஒண்ணும் பதியல்ல. காத வச்சுப் பாரு, அவ கத்துகாளாண்ணு."

கேட்டுப் பார்த்தார்கள். அறையில் சத்தம் இல்லை. அவர்கள் வீடுகளிலும் அந்நேரம் யாராவது பிடுங்கியிருப்பார்கள். நம்பினார்கள்.

அப்பா பிளக்கை விட்டுவைத்தது எதற்கென்று புரிந்தது. எழுப்பும் பொத்தான் என் திரையில் இருந்தது. அமுக்கினால் படத்தை என்னிடம் இழுத்துவிடலாம். ஆனால் எழும்பும்போது விசிறிகள் முழு வேகத்தில் அலறும். அப்பா சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். கையை எடுத்துக்கொண்டேன். பக்கத்து மேசை ஆளிடம் போலீசைக் கூப்பிடச் சொன்னேன்.

நம்பிய பிறகும் அப்பாவை அடித்தார்கள், ஜெனிலின் முறிந்த கைக்குப் பதிலடியாக. குழாய் சதையில் விழுந்தால் ஒரு சத்தம், எலும்பில் விழுந்தால் வேறு சத்தம். இரண்டையும் போனில் கேட்டேன். அப்பா கத்தவில்லை. ஒருவனுடைய காதைக் கடித்துத் துப்பினாராம். பிறகு அந்த வாசலிலேயே விழுந்தார்.

"அவனுவ போயாச்சு ஷெர்லி. அப்பாக்கு மூச்சு உண்டு," என்றாள் செல்லபாய்.

அமுக்கினேன். விசிறிகளின் அலறல் போனில் வந்தது. அப்பா ஏதோ முனகினார். செல்லபாய் போனை அவர் வாயருகே பிடித்தாள்.

"எடுத்தாச்சா மக்கா?"

ரெனில் அடிபட்ட நேரத்துப் படத்தை மட்டும் பிரித்து இழுத்தேன். வந்து முடியும்வரை அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்ததும் எடுத்தாச்சு என்றேன்.

"அப்போ பிளக்கப் பிடுங்கச் சொல்லு. இடி கிடக்கு."

செல்லபாய் பிடுங்கினாள். என் திரையில் சின்னக் கணினியும் மறைந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அப்பா இறந்தார்.

படத்தில் ஜெனிலின் முகம் தெளிவாக இருக்கிறது. அப்பா துடுப்பை ஓங்குவதும் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் நல்லது என்றார் விஜயதாஸ். நான் முழுதாகவே போலீசிடம் கொடுத்தேன். தான் அடித்த அடியை அப்பா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.