முதல் படத்தின் சாட்சி

தேதி இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. பேய்க்கதை சொல்கிற யாரிடமும் தேதி இருந்ததில்லை, அதனால் அந்தச் சமாச்சாரமே எனக்கு ஆகாது. நீங்களும் அப்படித்தான் என்றால் இதை நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது.

இயக்குநர் கதிரேசனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். மனித உடம்பே திரிந்துபோய்ப் பயமுறுத்தும் படங்களாக எடுப்பவர், தஞ்சாவூர்க்காரர். ஒவ்வொரு படத்துக்கும் படப்பிடிப்பு தொடங்கிய தேதியைக்கூடச் சேகரித்துவிட்டேன். முதல் குறும்படம் மட்டும் அகப்படவில்லை. ஒருவன் உடம்பில் விதைநெல் முளைக்கிற கதை. பிரதி இல்லை, புகைப்படம்கூட இல்லை. அப்படி ஒரு படமே கிடையாது, அவர் விடும் கதை என்றார்கள். சாட்சி கிடைக்காவிட்டால் முதல் அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டியதுதான்.

மூன்று வருடம் அலைந்து, அதில் நடித்த பன்னீரை வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் பிடித்தேன். குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறார். குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வந்திருந்த வாரம், பட்டப்பகல்.

"நடிச்சேன் சார். மாவக் கொழச்சு நெல்ல ஒட்டுனாங்க."

"எந்த வருஷம்?"

"அத யாரு எழுதி வச்சா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்த அவர் மனைவி, "பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்காரு. முதுகையாவது காட்டுங்க," என்றார்.

பன்னீர் சட்டையைக் கழற்றித் திரும்பினார். முதுகு முழுக்க வெள்ளை முளைகள், நுனியில் பச்சை.

"தண்ணி தொறந்தா வந்துரும் சார். பத்து நாள்ல போயிரும்."

"வயலுக்கு முந்தி இவரு மொளச்சிருவாரு," என்று சிரித்தபடி அந்த அம்மா ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நெல்முளைதான், டெல்டாக்காரனுக்கு அதில் சந்தேகம் வராது. அப்போதும் நான் கேட்டது, "எந்த வருஷத்திலேர்ந்து?" என்றுதான்.

"படம் எடுத்ததுலேர்ந்து," என்றார் பன்னீர்.

வாசலுக்கு வந்து கதிரேசனை போனில் பிடித்தேன். சாட்சி கிடைத்துவிட்டது, முதுகில் நீங்கள் ஒட்டிய நெல் இன்னும் முளைக்கிறது, தேதியை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று படபடத்தேன்.

"முதுகுல ஒண்ணும் ஒட்டலையே," என்றார். "நெஞ்சுலதான் ஒட்டுனோம்."

சாட்சி ஓரிடம் காட்டுகிறார், எடுத்தவர் வேறிடம் சொல்கிறார். இதை எப்படி அச்சில் ஏற்றுவது? அத்தியாயத்தை எடுத்துவிட்டேன், புத்தகம் அது இல்லாமல்தான் வந்தது. அந்த ஆத்திரம் ஒருவாறு அடங்கிவிட்டது. அடங்காதது, போனை வைக்கும் முன் அவர் கேட்டதுதான். பதறவில்லை, வயல் நிலவரம் விசாரிப்பவரைப் போலக் கேட்டார்:

"நெஞ்சுலேர்ந்து அந்தப் பக்கம் வந்துருச்சா?"