சிரித்த முகத்துக்கு ஒரு டிக்

பள்ளி விட்டதும் மாலை மையத்தைத் திறப்பதும் ஏழு மணிக்குப் பூட்டுவதும் அவள்தான். பன்னிரண்டு வருஷமாக அவள் பிள்ளைகளுக்குச் சாவியக்கா. அடுக்குமாடியின் கீழே ஒரு கூடம், நாலு பெஞ்சு, கால் ஆடும் கேரம் பலகை, நாற்பது பிள்ளைகள். பெற்றவர்கள் வேலை முடிந்து வர எட்டாகும். அதுவரை வீட்டுப்பாடம் பார்ப்பாள், சண்டை விலக்குவாள், பேனும் பார்ப்பாள். இவற்றுக்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

கட்டம் வேறொன்றுக்கு வந்தது. நிதி கொடுக்கும் அறக்கட்டளை, பிள்ளைகளின் மனநலத்தை அளக்க ஓர் அதிகாரியை அனுப்பியது. உள்ளே வரும்போது ஒரு தாள், போகும்போது ஒரு தாள்; சிரித்த முகம் அல்லது அழுத முகம், ஏதாவது ஒன்றில் டிக்.

"வரும்போது முப்பத்தெட்டு பேர் சிரிச்சிருக்காங்க. போகும்போது நாலே பேர். உங்க மையம் பிள்ளைங்க சந்தோஷத்தைக் குறைக்குதும்மா" என்றார் அதிகாரி.

சாவியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போகணுமேன்னு அழுறாங்க சார்! ஏழுக்குப் பூட்டிட்டா எட்டு வரைக்கும் மாடிப்படிதான். ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுங்க."

"காரணம் எழுதப் படிவத்துல இடமில்லை."

பக்கத்தில் நின்ற எட்டு வயது சில்வண்டு வாயைத் திறந்தாள். "சார், வீட்டுச் சாவி இல்லாம நீங்க படியில உக்காந்திருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா உக்காரணும்?"

"அதான் கேட்டேன்."

அதிகாரி பெரிய மனசு பண்ணி ஒரு மாசம் தவணை கொடுத்தார். அடுத்த அளவீட்டிலும் முகங்கள் அழுதால் மையத்துக்கு நிரந்தரப் பூட்டு.

மறுபடி வந்தவர் ஐந்தரை மணிக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்குக் குழந்தைகள் நலன் பற்றி அவர் பேசவேண்டிய கூட்டம்.

"லேட்டாயிடப் போகுது சார். போகும்போது வாங்குற தாளை இப்பவே வாங்கிட்டுக் கிளம்புங்களேன்" என்றாள் சாவியக்கா, முகத்தைப் பச்சைப்பிள்ளை போல வைத்துக்கொண்டு.

கேரமில் சிவப்புக் காய் குழி விளிம்பில் நின்ற நேரம். ஆட்டம் தடைபடக் கூடாதென்று நாற்பது பேரும் சிரித்த முகத்தில் டிக் போட்டுத் தாளை வீசினார்கள்.

மையம் பிழைத்தது. ஒரே மாசத்தில் நாற்பது குழந்தைகளை மகிழ்வித்த அதிகாரிக்குக் கூட்டத்தில் கைதட்டல். நேரம் மட்டும் நீளவில்லை.

ஏழு மணிக்குப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகளோடு படியில் உட்கார்ந்தாள்; என்றும்போல, எட்டு வரைக்கும்.

"உனக்கு மட்டும் ஏன்க்கா தாள் தரல?" என்றாள் சில்வண்டு.

"எனக்கும் ஒரு முகம் இருக்குன்னு அவங்களுக்கு இன்னும் தகவல் போகலடி."