ஈரத் தலையோடு வந்தவர்

எழுபதுகளின் கடைசியில், திருச்சித் தொழிற்சாலை ஒன்றில் பசை கலப்பவர்களின் சிறுநீரைச் சோதிப்பது என் வேலை. பசையில் இருக்கும் பென்சீன் என்ற நஞ்சு உடம்பில் ஏறியிருந்தால் அவர்களைப் பசைத் தொட்டியிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். வேலை முடிந்த கையோடு தந்தால்தான் அளவு சரியாகத் தெரியும்; ஒரு நாள் கழிந்தால் குறைந்துவிடும்.

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் மட்டும் லீவு முடிந்த காலையில், காவிரியில் குளித்த ஈரத் தலையோடு பாட்டிலை நீட்டுவார். மறுகை விரல்களை முகர்ந்துகொண்டே நிற்பார். பசை வாசம் இனிப்பாக இருக்கிறதாம்.

"சாயங்காலம் குடுங்கன்னு சொன்னேனே?" என்றேன்.

"அழுக்கு உடம்போடயாங்க? டெஸ்டுக்குப் போறது, சுத்தமா இருக்க வேண்டாமா?"

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். மாதாமாதம் 'குறைவு' என்று எழுதினேன். அதை நம்பி அவரை மாற்றவில்லை; அவர் தொட்டியருகிலேயே இருந்தார்.

இப்போதும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினால், என்னையறியாமல் என் விரல்களை முகர்ந்து பார்க்கிறேன்.