மண் லாரிக்கு ஓட்டை எங்கே?

ஈரச் சாக்குக்கு அடியில் ஊறிக் கிடக்கும் களிமண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. ஏரி வற்றும்போது கரையோரம் அடிக்குமே... கொஞ்சம் பாசி, கொஞ்சம் மீன், கொஞ்சம் மழை. போன வாரம் ஊருக்குப் போனபோது அது மூக்கில் ஏறியதும் எனக்கு லாரி ஞாபகம் வந்துவிட்டது.

ஆமாம், லாரிதான். சொல்கிறேன்.

காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருஷம் அது. நாமகிரிப்பேட்டை பக்கம் எங்கள் ஊர். அண்ணன் அதுவரை அடுத்தவர் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொந்த வண்டி அமைந்தால் ஒரு லாரி உருவாரம் வைப்பதாக அம்மா முனியப்பனிடம் வேண்டியிருந்தாள். வேண்டுதல் பலித்ததும் கோயிலில் கொண்டுபோய் வைக்கிற சுடுமண் பொம்மைதான் உருவாரம். குழந்தை பிறந்தால் குழந்தை, மாடு பிழைத்தால் மாடு.

வண்டியும் அமைந்தது. பழைய லாரிதான். ஆனால் நாமக்கல் பட்டறையில் புது பாடி கட்டி, பச்சையும் சிவப்புமாய்ப் பெயிண்ட் மினுங்க வாசலில் வந்து நின்றது.

அம்மா சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"உருவாரம் வெக்காம வண்டி ஊர் எல்லை தாண்டப்படாது."

ராசிபுரத்தில் அண்ணனுக்கு முதல் லோடு காத்திருந்தது. அமாவாசை வரைதான் பார்ப்போம், அப்புறம் வேற வண்டிக்குக் குடுத்துருவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஏம்மா, கோயில்ல எல்லாரும் குதிரைதான வெக்கறாங்க? நாமளும் ஒண்ணு வெச்சுட்டா?" என்று கேட்டான் அண்ணன்.

"லாரின்னு சொல்லிப்போட்டுக் குதிரையக் குடுத்தா, சாமி உன்னையக் குதிரைதான் ஓட்டச் சொல்லும்."

அந்தக் கோயிலுக்கு உருவாரம் செய்வது சரசு அக்கா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கை சக்கரத்தில் இருக்கும், வாய் ஊரெல்லாம் சுற்றும். லாரி என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"குதிரை செஞ்சிருக்கறேன், நாய் செஞ்சிருக்கறேன். ஒருத்தருக்கு முழங்காலுகூடச் செஞ்சு குடுத்தேன். லாரிக்கு நான் எங்க போவேன் சாமி?"

"மண்ணு மட்டும் குடுங்கக்கா. நானே செஞ்சு பாக்கறேன்."

"அட! வா கண்ணு வா. செஞ்சுதான் பாரு."

எனக்கு ஒரே குஷி. கெட்டியாய் ஒரு கட்டி மண்ணை எடுத்துக் கத்தியால் செதுக்கினேன். கேபின், பம்பர், நம்பர் பிளேட்... எதையும் விடவில்லை. நிழலில் காயவைத்து, சூளையில் சட்டிபானைகளுக்கு நடுவே அடுக்கினோம்.

நெருப்பு பிடித்துக் கொஞ்ச நேரம்தான்.

டப்!

மறுநாள் காலை சூளையைப் பிரித்தால் சக்கரம் ஒரு பக்கம், கேபின் ஒரு பக்கம். பக்கத்துப் பானையின் வயிற்றிலும் ஓட்டை.

"கோயிலுக்குப் போறதுக்குள்ள ஆக்சிடெண்ட் ஆயிப்போச்சு" என்றார் அக்கா.

அண்ணன் ஓடாத லாரியைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அக்கா உடைந்த துண்டைக் கையில் திருப்பிப் பார்த்தார். "உள்ள கெட்டியா இருந்தா ஈரம் எங்க போவும்? வெடிக்கத்தான் செய்யும். குதிரை மாதிரியே வயிறு காலியா வெச்சுப் பாக்கலாமா?"

பார்த்தோம். மண்ணைக் கயிறாய்த் திரித்துச் சுற்றி அவர் உடம்பை எழுப்பினார். சக்கரங்களைப் பானை மூடி மாதிரி சுழற்றி எடுத்தார். கேபின் என் வேலை. நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், பழக்கதோஷம், ஹெட்லைட்டுக்கு இமை வைத்துவிட்டார்!

"என்னக்கா இது, லாரிக்கு இமையா?"

"கண்ணு இல்லாம எப்படி ரோடு பாக்கும்? அது கெடக்குது... ஆவி போறதுக்குக் குதிரைக்கு வாலுக்கடியில ஓட்டை உடுவோம். இதுக்கு எங்க உடறது?"

ஜன்னலிலா? ரேடியேட்டரிலா? மண் காயத் தொடங்கிவிட்டது. நான் எங்கள் லாரியை மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன். முன்னால், பக்கவாட்டில், பின்னால்...

"அக்கா, சைலன்சர்!"

அக்கா ஒரு நொடி முழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட, இதுக்கும் வாலுக்கடிதானா!"

இந்தத் தடவை சூளை எரியும்போது பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் சாம்பலை விலக்கினால்... செக்கச்செவேலென்று முழு லாரி! பின்பக்கம் மட்டும் புகை பிடித்துக் கருத்திருந்தது, நிஜ லாரி மாதிரியே. அக்கா விரல் மடக்கித் தட்டினார். டங்.

"ஹாரன் அடிக்குது பாரு!"

அண்ணன் அதைத் தலையில் வைத்துக் கோயில்வரை நடந்தான். "இனிமேல் அது என்னையச் சொமக்கும். இன்னைக்கு நான் சொமக்கறேன்." முனியப்பன் முன்னாலேயே அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள்தான் அமாவாசை. அன்றைக்குச் சாயந்திரமே ராசிபுரம் ரோடு திரும்பும் வரைக்கும் அவன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை!

போன வாரம் அக்கா வீட்டுச் சாக்குக்கு அடியில் ஒரு மண் ஜேசிபி காய்ந்துகொண்டிருந்தது. "போர் போடற ரிக் வண்டி, டிராக்டர் எல்லாம் செஞ்சாச்சு. வண்டி உருவாரம் கேட்டு யாரு வந்தாலும் சைலன்சர் எங்கன்னுதான் மொதல்ல கேப்பேன்" என்றார்.

ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். எங்கள் லாரி சக்கரம்வரை மண்ணில் புதைந்து, பாசி பிடித்து, இமையோடு அப்படியே நின்றது. சைலன்சர் ஓட்டையில் ஒரு குளவி மண் உருண்டையை வைத்துப் பூசிக்கொண்டிருந்தது.

"உடு, அவளும் நம்ம தொழில்காரிதான்."

அண்ணன் இப்போது நாமக்கல்லில் இருக்கிறான். முழங்கால் தேய்ந்து, லாரியை விற்று வருஷங்கள் ஆகிவிட்டன. கோயில் லாரியைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ்.

"சைலன்சர் அடைச்சிருக்குது பாரு, வண்டி இழுக்காது. ஒரு குச்சிய எடுத்துக் குத்தி உடு."

குச்சியை எடுத்துக் குனிந்தேன். உள்ளே மெல்லிய ரீங்காரம்... ஆஃப் பண்ணாமல் நிறுத்திவைத்த இன்ஜின் மாதிரி.

குச்சியைப் போட்டுவிட்டு, அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று ரெக்கார்டிங்கை அழுத்திப் போனை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தேன்.