தேயிலை வீட்டில் ஓர் அடைப்பு

எங்கள் வீட்டில் காப்பி கிடையாது. வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் முப்பது வருடம் நின்றவர் அப்பா. யார் வந்தாலும், அவர்கள் உட்காருவதற்குள், காப்பி நாக்கைக் கெடுக்கும் என்று தொடங்கிவிடுவார். அம்மா போடிக்காரி, பிறந்த வீட்டு வாசலில் காப்பிக்கொட்டை காயும். கல்யாணமான வாரமே, "தேயிலைச் சோறு திங்கிற வீட்டுல காப்பி வாசம் வரக்கூடாது" என்றாராம் அப்பா. அம்மா விட்டுவிட்டாள். இருபத்தாறு வருடமாகிறது. காலையில் தலைவலி வரும்; அதற்கும் பாலில்லாத கட்டன் சாயாதான்.

அப்பா ஓய்வுபெற்ற ஐந்தாம் மாதம் சமையலறை சிங்க் அடைத்தது. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறாள். நான் டிப்ளமோ முடித்து, குமுளியில் ஒரு ரிசார்ட்டின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சுற்றுலா வந்தவர்கள் அடைத்துவைத்த எதையும் அரை மணி நேரத்தில் திறந்துவிடுவேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, சொந்த வீட்டில், அப்பா என்னைச் சிங்க் பக்கமே விடவில்லை.

முதலில் வெந்நீர் போதும் என்றார். அடுத்து சோடா உப்பும் எலுமிச்சையும். நுரை வந்தது, தண்ணீர் இறங்கவில்லை. இறங்குவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. பிறகு ரப்பர் கப்பை வைத்து அழுத்தினார். அதற்கும் பிறகு, அடைப்பே நம் வீட்டில் இல்லை, வெளியே சாக்கடையில்தான், பஞ்சாயத்தில் எழுதிக் கொடுப்போம் என்றார். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிப் பக்கத்தில் 'பலனில்லை' என்று குறித்துக்கொண்டே வந்தேன். மீதி ஒன்றுதான்: சிங்க்குக்கு அடியில் புட்டி மாதிரித் தொங்கும் டிராப்பைக் கழற்றுவது.

"அதைத் தொடாத தாயி. மரை போயிரும்."

"கையால திருகுறதுப்பா. போகாது."

"பொம்பளப்பிள்ள கை வைக்கிற எடமா அது?"

"என்னாங்க, டூரிஸ்ட்டுக முடியெல்லாம் எடுக்கிறா. நம்ம வீட்டுது எடுத்தா என்னவாம்?" அம்மா செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் குனிந்தாள்.

வாளியை வைத்துத் திருகினேன். கறுப்பாக, கெட்டியாக ஒரு கைப்பிடி விழுந்தது. அழுகல் நாற்றத்தையும் மீறி ஒரு வாசனை. தேயிலைத் தூள் இப்படி மணக்காது. திரும்பிப் பார்த்தேன். அப்பா காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

வேலையில் நான் பொய் அறிக்கை எழுதியதில்லை. ஆனால் இது வீடு. "தேயிலைத் தூள்தான்" என்றேன்.

அம்மா விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு விரலால் அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். அப்பாவைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ஒரே ஒரு நாளு... சும்மா..."

"ஒரு நாளைக்கு இம்புட்டுச் சேருமாடி?"

கேட்டது என்னை. தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. "நாலு மாசமாவது இருக்கும்" என்று வாய் சொல்லிவிட்டது.

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தோம். அவளோ மறுபடி முகர்ந்தாள். நிதானமாக, அப்பா தொழிற்சாலையில் தூளை முகர்வதைப் போல.

"சிக்கரி. பாதிக்குப் பாதி. நான் கொழுந்துக்குப் போனதும் கதவச் சாத்திக்கிட்டுக் குடிச்சது இந்தக் கருமத்தைத்தானா? இதுக்கா நான் தலைவலியோட மலையேறுனேன்?"

அப்பா மறுபடி காலண்டர் பக்கம் திரும்பினார். அம்மா விடவில்லை.

"போடிக்குப் போங்க. கொட்டையா வாங்கியாங்க, பொடி வேணாம். நான் வறுத்துக்கிறேன்."

"நாளைக்கு..."

"இன்னைக்கு."

அவர் சட்டையை மாட்டினார். நான் டிராப்பைக் கழுவி மாட்டினேன். தண்ணீர் சுழன்று இறங்கியது. சிங்க்கின் வாயில் ஒரு சல்லடையும் பொருத்தினேன். இனி இரண்டு பேருடைய காப்பித் தூள் வரும்.