பந்தலும் இலையும் லாலாங்கும்

சிங்கப்பூரில் விவசாயம் என்றால் பாதி நேரம் மண்ணைக் கொத்துவது, மீதி நேரம் அந்த மண்ணில் என்ன செய்கிறோம் என்று அதிகாரிகளுக்கு விளக்குவது. லிம் சூ காங்கில் நானும் என் மனைவி செலினும் அரசாங்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தோம். வாழை இலை, கறிவேப்பிலை, புடலங்காய் எல்லாம் தேக்கா சந்தைக்குப் போகும். குத்தகை முடிகிற வருடம், நீட்டிப்பு கிடைக்குமா என்று நாங்கள் அலைந்த கதை இது. வீட்டில் ஒரு சுவரை இடிக்க அனுமதி கேட்டு நடந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள், தாராளமாகச் சிரிக்கலாம்.

பந்தல்

நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஓர் இளம் அதிகாரி போனில் கேட்டார். தமிழர் என்று தெரிந்ததும் எனக்குக் குஷி. "வடக்குப் பக்கம் முழுக்கப் பந்தல் போட்டிருக்கேன்" என்றேன். எத்தனை பேர் வருவார்கள் என்றார். காய் பறிக்கிறவர்களைக் கேட்கிறார் என்று நினைத்து, நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். எப்போது பிரிப்பீர்கள் என்றார். எதற்குப் பிரிக்க வேண்டும், வருடக் கணக்காக நிற்கிறதே என்றேன்.

நான் சொன்னது புடலங்கொடி படர்கிற கம்பிப் பந்தலை. அவருக்குத் தெரிந்த பந்தல் ஒன்றே ஒன்றுதான். "அங்கிள், ரெண்டே பேருக்கு இவ்ளோ பெரிய பந்தலா? பெர்மிட் எடுத்தீங்களா? யாருக்குக் கல்யாணம்?"

இலை

நீட்டிப்பு கொடுப்பதில் கீரை வகைகளுக்கு முன்னுரிமை என்றார்கள். எங்கள் நிலத்தில் பெரும்பகுதி வாழை. அதுவும் இலைதானே, கீரையோடு சேராதா என்று கேட்டுப் பார்த்தேன். அதே அதிகாரி நேரில் வந்தார். மரியாதையாகவே சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைச் சாப்பிடுவாங்களா?" என்றார். "இதில் சாப்பிடுவாங்க" என்றேன். அந்த 'இல்'லுக்கு அவர்களுடைய விதியில் இடமில்லை.

எங்களிடம் இலை வாங்கும் தேக்கா சாப்பாட்டுக் கடை அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப நீங்க விவசாயி இல்லலா, தட்டு பேக்டரி ஓனர்."

இருந்தபடி

நீட்டிப்பு இல்லை என்று பதில் வந்துவிட்டது. நிலம் வேறு உபயோகத்துக்கு வேண்டுமாம். சின்ன ஊர், எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும், அதெல்லாம் புரிகிறது. ஆனாலும் குலை தள்ளியிருந்த வாழையைக் கிழங்கோடு தோண்டியபோது எனக்கு அழுகை வந்தது. நிலத்தை முதலில் இருந்தபடி ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஒப்படைக்கும் நாளில் அந்த அதிகாரியே வந்து, வெறும் மண்ணைப் பார்த்து, எல்லாம் சரி என்றார். செலின் அவரைக் கேட்டாள்: "தம்பி, நாங்க வந்தப்ப இங்க லாலாங் புல்லு ஆளுயரத்துக்கு நின்னுச்சு. அதையும் நட்டுக் குடுத்துட்டுப் போகணுமா?"

நிலம் குறைந்தால் விதியும் குறையும் என்று நம்பி, ஈசூன் அடுக்குமாடியில் எங்கள் வீட்டு வாசலில் சில தொட்டிகளில் கறிவேப்பிலை வைத்தேன்; பொது நடைபாதையை அடைக்கிறது என்று மறு வாரமே நகர மன்றத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்.